முதல் வீடு கிடைத்தால் போதுமா? பரிமாற்ற மாணவர் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தைப் பற்றியவை. பள்ளி மாணவர் வேறு நாட்டுக்குப் போய், அங்குள்ள குடும்பங்களோடு தங்கிப் படிக்க ரோட்டரி சங்கங்கள் நடத்தும் திட்டம் இது. இன்பவுண்ட் மாணவர், அதாவது வெளிநாட்டிலிருந்து நம்மிடம் வருபவர், வந்து இறங்கப் போகும் சமயம், பதற்றம் புரிகிறது.

எங்கள் சங்கத்தில் 20 பேர்தான். ஒரு மாணவரை ஏற்க முடியுமா?

முடியும். உங்கள் ரோட்டரி மாவட்டம் (பல சங்கங்கள் சேர்ந்த பிரிவு) இத்திட்டத்துக்குச் சான்று பெற்றதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், உண்மையாக உழைக்க ஐந்தாறு பேர் இருந்தால் போதும். மாணவரைத் தங்கவைக்கும் ஹோஸ்ட் குடும்பம் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, வெளியிலும் தேடலாம். யாராக இருந்தாலும் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

மாணவருக்கு அவர் நாட்டிலேயே லைசென்ஸ் இருக்கிறது. பக்கத்தில் போய்வர வண்டி கொடுக்கலாமா?

கூடாது. பக்கமும் கிடையாது, தூரமும் கிடையாது. பரிமாற்றக் காலம் முழுக்க மோட்டார் வாகனம் எதையும் மாணவர் ஓட்டக்கூடாது. விண்ணப்பத்தோடு வந்த விதிகளின் முதல் பக்கங்களிலேயே இது இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

நானே ஹோஸ்ட் அப்பா. கவுன்சிலராகவும் (மாணவருக்குத் துணையாகச் சங்கம் வைக்கும் ஆலோசகர்) நானே இருந்தால் வேலை சுலபம் அல்லவா?

உங்களுக்குச் சுலபம், அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. உங்கள் வீட்டில் ஏதாவது சரியில்லை என்றால் அது யாரிடம் போய்ச் சொல்லும்? அதனால்தான் ஹோஸ்ட் குடும்பத்தில் உள்ளவர் கவுன்சிலராக இருக்கக்கூடாது என்று ரோட்டரி விதி வைத்திருக்கிறது. சங்கத் தலைவர், பள்ளி முதல்வர் போல மாணவர் மேல் அதிகாரம் உள்ளவர்களும் வேண்டாம். துன்புறுத்தல் என்று மாணவர் ஒரு வார்த்தை சொன்னாலும், சட்டப்படி யாருக்குத் தெரிவிக்க வேண்டுமோ அவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் ரோட்டரி இன்டர்நேஷனலுக்கும் தகவல் போக வேண்டும். விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று சங்கத்துக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் குடும்பத்தோடு மாணவி நன்றாக ஒட்டிக்கொண்டாள். இரண்டாவது வீடு இன்னும் அமையவில்லை. வருடம் முழுக்க அங்கேயே விட்டுவிடலாமா?

'நன்றாக ஒட்டிக்கொண்டாள்' என்பது மகிழ்ச்சி. 'இன்னும் அமையவில்லை' என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் அதே கடிதம் திரும்ப வருகிறது.

நீண்டகாலப் பரிமாற்றம் என்றால் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வைப்பது வெறும் சடங்கு இல்லை. ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டின் வழக்கத்தையே அந்த நாட்டின் வழக்கம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அந்தக் குடும்பமும் எட்டாவது மாதத்தில் களைத்துப்போகும், வாய் திறந்து சொல்லவும் முடியாது. போதாக்குறைக்கு அந்த வீட்டில் யாராவது படுத்துவிட்டால்? அதற்காகத்தான் ஏற்கெனவே சரிபார்த்த மாற்றுக் குடும்பமும் தயாராக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரு சங்கத்துக்கு நான் உதவப் போனபோது பார்த்த காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வீடு மாறும் நாள். பெட்டியைக் கட்டி, பரிமாற்ற மாணவர்கள் அணியும் பிளேசர் கோட்டை மடித்து அதன் மேல் வைத்துவிட்டு, வாசற்படியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். காலை பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் மாலை நாலு வரை வரவில்லை. அந்தக் குடும்பத்தைக் கூட்டத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டிருந்தார்கள், "பார்க்கலாம்" என்றிருந்தார்கள், அவ்வளவுதான். உள்ளே ஹோஸ்ட் அம்மா அழுகிறார், வெளியே அவன் என்னைப் பார்த்து, "நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?" என்று கேட்கிறான். 16 வயது. மாணவரை ஏற்றுக்கொள்கிறோம் என்று உறுதி தரும் கேரண்டி ஃபார்மில் கையெழுத்துப் போட்டவர் முதல் வீட்டுக்காரர் இல்லை, சங்கம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் சங்கம்தான்.

ஆக, மாணவர் விமானம் ஏறுவதற்கு முன்பே தங்கப்போகும் வீடுகள், மாற்று வீடு எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். எழுத்தில். அந்தந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும், வந்து தங்கியிருக்கும் மாமா, கல்லூரி போகும் அண்ணன் உள்பட, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது நான் சொல்வது: இன்றைக்கே ரோட்டரி மாவட்டத்தின் பரிமாற்ற அலுவலரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் இரண்டு குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். தேதி குறித்ததும் முதலில் மாணவியிடம் சொல்லுங்கள். முந்தின நாள் சொல்லி மறுநாள் பெட்டி கட்டச் சொல்லாதீர்கள்.

எங்கள் மகனின் அறையில் மாணவரைத் தங்கவைக்கலாமா?

தனிக் கட்டில் கட்டாயம். அறையைப் பகிரலாம், ஆனால் ஒரே பாலினம், ஏறக்குறைய ஒரே வயது. உங்கள் மகனிடம் கேட்டீர்களா?

மாதப் பணம் யார் கொடுப்பது? குடும்பமா?

ஏற்கும் சங்கம். தொகையை ஏற்கும் மாவட்டம் நிர்ணயிக்கும். விமானச் செலவும் காப்பீடும் பொதுவாக மாணவரின் பெற்றோர் தலையில். குடும்பம் இடமும் சாப்பாடும் தருகிறது, அதற்குக் கூலி இல்லை.

வந்து மூன்று வாரம். இரவெல்லாம் போனில் சொந்த வீட்டோடு பேசிவிட்டு, பகலில் தூங்கி வழிகிறார். போனைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். வீட்டு ஏக்கம் முதல் வாரங்களில் வரும், பண்டிகை நாட்களில் மறுபடி வரும். வாரத்துக்கு ஒரு நேரம் என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பள்ளி விட்டதும் ஏதாவது விளையாட்டிலோ பாட்டு வகுப்பிலோ சேர்த்துவிடுங்கள். வந்த முதல் நாளே பேச வேண்டிய கேள்விகளை உட்கார்ந்து பேசினீர்களா? உங்களை எப்படி அழைப்பது, துணி எப்போது துவைப்பது, குளியலறை எத்தனை மணிக்கு, பசித்தால் தானே எடுத்துச் சாப்பிடலாமா? இவை தெரியாத பிள்ளை அறைக்குள்ளேதான் அடைந்து கிடக்கும். கவுன்சிலருக்கும் சொல்லுங்கள்.

இந்தத் திட்டத்தைத் தொடங்கியது அமெரிக்காதானே?

இல்லை. ரோட்டரி 1905-ல் சிகாகோவில் பிறந்தது. மாணவர் பரிமாற்றம் 1927-ல் பிரான்சின் நீஸ் நகரச் சங்கம் ஆரம்பித்தது.

பிளேசரில் நிறைய பின்கள். அழுக்காகிவிட்டது, மெஷினில் போடலாமா?

வேண்டாம். காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, கறை உள்ள இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அதையும் அவரே செய்யட்டும். மற்ற நாட்டு மாணவர்களோடு ஒவ்வொன்றாக மாற்றிச் சேர்த்த பின்கள் அவை. எது யார் கொடுத்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், நிறையச் சொல்லுவார்.