கரண்ட் குறைவாகத் தின்னும் வீடு: கேட்டதும் சொன்னதும்

நானும் என் கணவரும் ஊரை விட்டுத் தள்ளி, வயல்காட்டுக்கு நடுவே வீடு கட்டிக் குடியேறி ஆறு வருடம் ஆகிறது. கட்டடத்துக்குள் வெப்பம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில். அவருக்கு என் கணக்கில் நம்பிக்கை கிடையாது, மீட்டரில்தான் நம்பிக்கை. அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு சண்டைக் கதை உண்டு. இதே மாதிரி கட்டக் கிளம்பியிருப்பவர்கள் கேட்டதற்கெல்லாம் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நிலம் வாங்கியாச்சு. நாங்கள் ரெண்டே பேர். எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்? பேட்டரியும் சேர்த்தே வாங்கிவிடலாமா?

பதில்: ரெண்டையும் இப்போது வாங்காதீர்கள். பேனலை வீடு கட்டி ஒரு வருடம் கழித்துக்கூடப் போடலாம். வீட்டின் அளவையும் அது பார்க்கும் திசையையும் அப்புறம் மாற்ற முடியாது. நாங்கள் முதலில் வரைந்தது 190 சதுர மீட்டர். விருந்தாளிகளுக்கென்றே ரெண்டு அறை. வருடத்தில் எத்தனை நாள் வருவார்கள் என்று விரல்விட்டு எண்ணினோம், பதினைந்தைத் தாண்டவில்லை. அழித்துவிட்டு 110-க்குள் அடக்கினோம். நான் செய்த சேமிப்புகளிலேயே பெரியது அந்த அழிரப்பர் செய்ததுதான். சோலாருக்கு இப்போது செய்ய வேண்டியது, கூரையில் நிழல் விழாத இடத்தை ஒதுக்கி, அங்கிருந்து மீட்டர் பெட்டிவரை ஒரு வெற்றுக் குழாயைச் சுவருக்குள் விட்டு வைப்பது. அவ்வளவே.

கேள்வி: மனை நாலு பக்கமும் திறந்த வெளி. எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது? அவருக்குச் சூரியன் மறைவதைப் பார்க்க மேற்கே பெரிய ஜன்னல் வேண்டுமாம்.

பதில்: எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. அவர் ஜெயித்தார், நான் வியர்த்தேன்.

வீட்டின் நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், குட்டையான பக்கங்கள் கிழக்கும் மேற்கும். உச்சி வெயில் மேலேயிருந்து வருகிறது, சன்ஷேடு அதை மறைத்துவிடும். மாலை வெயில் படுத்துக்கொண்டு நேராக உள்ளே வரும், எவ்வளவு நீளச் சன்ஷேடு போட்டாலும் அடியில் புகுந்துவிடும். ரெண்டு சதுர மீட்டர் மேற்கு ஜன்னல் இருந்தால், கோடை மாலையில் அறைக்குள் ஒரு கிலோவாட் ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

சன்ஷேடு எவ்வளவு நீளம் என்பதையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். நடுப்பகலில் சூரியன் நிற்கும் உயரக் கோணம், கோடையின் உச்சத்தில் 90-லிருந்து உங்கள் அட்சரேகையைக் கழித்து 23.5 கூட்டினால் வரும். குளிர்காலத்தில் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். 30 டிகிரி வடக்கே இருக்கும் ஒரு இடத்துக்கு கோடையில் 83.5, குளிரில் 36.5. தெற்குச் சுவரில் 60 சென்டிமீட்டர் சன்ஷேடு போட்டால், கோடையில் ஜன்னல் முழுக்க நிழலில் இருக்கும். குளிரில் நிழல் மேலே 44 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், மிச்சத்தில் வெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்கும். ஒரே பலகை, ரெண்டு வேலை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்கள் தெற்கு என்ற இடத்தில் வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேகைக்கு அருகிலேயே இருந்து விடை 90-ஐத் தாண்டினால், வருடத்தில் சில காலம் ஒரு பக்கம், மிச்ச காலம் மறுபக்கம் என்று வெயில் மாறும், ரெண்டு பக்கமும் சன்ஷேடு வேண்டும்.

எங்கள் மேற்கு ஜன்னலுக்கு மூன்றாம் வருடம் வெளிப்பக்கம் தட்டி கட்டினோம். திரைச்சீலையை உள்ளே தொங்கவிட்டுப் பலன் குறைவு. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு அறைக்குள் வந்தாயிற்று, அப்புறம் திரை போட்டு யாரை மறைப்பது? இப்போது தட்டியை இறக்கிவிட்டு வெளியே போய் நின்று சூரியன் மறைவதைப் பார்க்கிறார்.

கேள்வி: மண் சுவர் கட்டினால் இன்சுலேஷனே தேவையில்லை, தானாகக் குளுகுளுவென்று இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. சூட்டைத் தடுப்பது வேறு, சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது வேறு. மண், கல், செங்கல் எல்லாம் ரெண்டாவது வகை. முப்பது சென்டிமீட்டர் மண் சுவரில் வெளியே பட்ட மதியச் சூடு உள்பக்கம் வந்து சேர எட்டு, பத்து மணி நேரம் ஆகும். ராத்திரி நன்றாகக் குளிரும் இடமாக இருந்தால் இது வரம். ஜன்னலைத் திறந்து சுவரை ஆறவிட்டால் மறுநாள் பகலை அது பார்த்துக்கொள்ளும். ராத்திரியும் புழுங்கும் இடத்தில் அதே சுவர், நீங்கள் படுக்கப் போகும் நேரம் பார்த்து மதியத்துச் சூட்டைத் திருப்பித் தரும். அங்கே படுக்கை அறைக்குக் கனமில்லாத சுவரும், எதிரெதிர் ஜன்னலும்தான் சரி.

குளிர் இடங்களுக்குக் கணக்கு இன்னும் கறார். அந்த மண் சுவரில் ஒரு சதுர மீட்டர், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 2 வாட் வெப்பத்தைக் கடத்தும். பதினைந்து சென்டிமீட்டர் மினரல் உல் (கல்லை உருக்கி நூற்ற பஞ்சு) வைத்த சுவர் கால் வாட். எட்டு மடங்கு வித்தியாசம்! மண் மேல் ஆசை இருந்தால் கட்டுங்கள், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கனமான சுவர் உள்பக்கமும், இன்சுலேஷன் அதற்கு வெளியே சட்டை போட்ட மாதிரியும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சுவரின் கனத்தால் அறைக்குப் பயனில்லாமல் போகும்.

கேள்வி: மாடி இல்லாத வீடு. மேலே வெள்ளை பெயிண்ட் போதுமா?

பதில்: வெயில் ஊர் என்றால் முதல் வேலை அதுதான், கொடுத்த காசுக்கு அதைவிடப் பலன் தருவது குறைவு. புது வெள்ளைப் பூச்சு மேலே விழும் வெயிலில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பும். தூசி படிந்தால் குறையும், வருடத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். ஆனால் ஒற்றைத் தள வீட்டுக்குள் சூடு வரும் பெரிய வாசல் கூரைதான் என்பதால் பூச்சோடு நிறுத்தாமல் தளத்தின் மேல் இன்சுலேஷனும் போடுங்கள். தளத்துக்கு அடியில் போட்டால் கான்கிரீட் முழுக்க வெயிலில் காயும். குளிர் நாட்டுக்காரர்கள் பெயிண்ட்டை மறந்துவிட்டு இன்சுலேஷனின் தடிமனைப் பாருங்கள்.

கேள்வி: காற்றே புகாத மாதிரி கட்ட வேண்டும் என்று படித்தேன். என் மாமியார், “மூச்சு முட்டிச் சாகவா காசு கொட்டுகிறீர்கள்?” என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: மாமியார் கேட்டது நல்ல கேள்வி. அரைகுறையாகச் செய்தால் அவர் பயப்படுவது சரி.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் ஒரே வரிசையில் ஒட்டினாற்போல் நாலு வீடுகள் கட்டினார்கள். பாஸிவ் ஹவுஸ் என்று இன்று சொல்லும் முறைக்கு அதுதான் முன்மாதிரி. அந்த முறையை வகுத்தவர்களில் ஒருவரான வொல்ஃப்காங் ஃபைஸ்ட் அதில் ஒன்றில் தானே குடியிருந்தார். அதற்கு முன்பே, 1977-இல், கனடாவின் ரெஜைனா நகரில் கொடுங்குளிரில் வழக்கமான சூட்டடுப்பு இல்லாமல் ஒரு வீடு கட்டிக் காட்டிவிட்டார்கள். பாஸிவ் ஹவுஸ் விதி இது: வீட்டைச் சூடாக்க வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் ஆகக் கூடாது. விசிறி வைத்து உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கிச் சோதித்தால் இடுக்குகள் வழியே ஒரு மணி நேரத்தில் கசியும் காற்று, வீட்டுக்குள் இருக்கும் காற்றில் 0.6 பங்கைத் தாண்டக் கூடாது.

ஆனால் அந்த வீடுகளில் விசிறி வைத்த காற்றோட்டக் கருவி இரவும் பகலும் ஓடும். கெட்ட காற்று வெளியே போகும்போது அதன் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும், ரெண்டும் கலக்காமலே. இடுக்கை அடைத்துவிட்டுக் கருவியை வைக்காமல் விட்டால் சுவரில் பூஞ்சை, தலைவலி எல்லாம் வரும். மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: காற்று வரும், நாம் சொன்ன வழியில் வரும். வருடத்தில் பெரும்பாலான நாள் ஜன்னலைத் திறந்து வைக்கும் ஊரில் இருக்கிறீர்களா? அப்படியானால் இந்தச் செலவே வேண்டாம், நிழலுக்கும் விசிறிக்கும் அந்தப் பணத்தைப் போடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாட்டுப்புறத்தில் பலருக்கு வீட்டுக்குள் விறகடுப்பு வைக்க ஆசை. இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அடுப்புக்கு வெளியிலிருந்து தனிக் குழாயில் காற்று வர வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே முடித்துவிடும்.

கேள்வி: ரெட்டைக் கண்ணாடியா, மூன்றடுக்கா?

பதில்: சுவருக்குச் சொன்ன அதே கணக்கில், ஒற்றைக் கண்ணாடி 5.8 வாட் கடத்தும் இடத்தில் சாதாரண ரெட்டைக் கண்ணாடி 2.8, சூட்டைத் திருப்பும் மெல்லிய பூச்சும் நடுவே ஆர்கான் வாயுவும் உள்ள ரெட்டை 1.1, மூன்றடுக்கு 0.6, 0.7. பனி பெய்யும் இடத்துக்கு மூன்றடுக்கு. மற்றவர்களுக்குப் பூச்சுள்ள ரெட்டை தாராளம். சட்டம் அலுமினியமாக இருந்தால், அதன் உள்பாதியும் வெளிப்பாதியும் ஒன்றையொன்று தொடாமல் நடுவே தடுப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கரண்ட் கம்பியே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். முழுக்க சோலார். ஆலோசனை சொல்லுங்கள்.

பதில்: கம்பி பக்கத்திலேயே இருந்தால் அந்த முடிவை மறுபடி யோசியுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 5 யூனிட். வானம் மூடிய மூன்று நாளைத் தாக்குப்பிடிக்க 15 யூனிட் வேண்டும். பேட்டரியில் எண்பது சதவீதம்தான் பயன்படுத்துவது என்றால் 19 யூனிட் பேட்டரி. நாலாம் நாளும் மூட்டமாக இருந்தால்? அந்த ஒரு நாளுக்காக பேட்டரியைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும், வருடம் முழுக்க அதில் பாதி சும்மா கிடக்கும். கம்பி எட்டாத இடம் என்றால் வேறு வழியில்லை. அப்போது முதலில் தேவையைக் குறைத்துவிட்டு அப்புறம் பேட்டரிக் கடைக்குப் போங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட். நாலு ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட் மிச்சம்.

பேனலைக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள், அடியில் காற்று ஓட வேண்டும். 25 டிகிரிக்கு மேல் பேனல் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும்.

கேள்வி: உங்கள் கணவர் சொன்னதில் ஏதாவது சரியாகப் போனதா?

பதில்: கேட்டவர் அவராகத்தான் இருக்கும் என்று சந்தேகம். சரி, ஒன்று இருக்கிறது. எல்லாரும் தூங்கிய பிறகு மீட்டரைப் பார் என்றார். எதுவுமே ஓடாத வீடு, 40 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. இன்வர்ட்டர், டிவிப் பெட்டி, ரௌட்டர், சுவரிலேயே தொங்கும் சார்ஜர்கள். நாற்பது வாட் என்றால் வருடத்துக்கு 350 யூனிட். எழுபது நாளுக்கு வீட்டை நடத்தும் அளவு. என் வரைபடத்தில் இது எங்குமே இல்லை.

கேள்வி: வெந்நீருக்கு என்ன செய்வது?

பதில்: நூறு லிட்டரை 30 டிகிரி சூடாக்க மூன்றரை யூனிட். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் வைத்தால் ஒரு யூனிட்டை ஒட்டி முடியும், கூரையில் சோலார் வெந்நீர்த் தொட்டி வைத்தால் வெயில் நாளில் ஒன்றுமே ஆகாது. ஆனால் குளியலறையும் சமையலறையும் தொட்டிக்கு நேர் கீழே வரட்டும். 15 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு 0.18 லிட்டர் பிடிக்கும். பதினைந்து மீட்டர் தள்ளிப் போனால், ஒவ்வொரு முறையும் இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சூடு வரும்.

கேள்வி: வேலை நகரத்தில்தான். தினமும் போக 30 கிலோமீட்டர், வர 30. வீடு மட்டும் சிக்கனமாக இருந்தால் போதுமா?

பதில்: இதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் கார் என்றால் உங்கள் 60 கிலோமீட்டருக்கு 36 யூனிட். எங்கள் வீடு ஏழு நாளில் செலவழிப்பதை நீங்கள் ஒரே நாளில் ரோட்டில் எரிக்கிறீர்கள். மின்சாரக் கார் என்றாலும் 10 யூனிட்டை ஒட்டி ஆகும். வாரத்தில் ரெண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்பது, மூன்றடுக்குக் கண்ணாடி போடுவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும். இன்னும் நிலம் வாங்காதவர்கள் ரயிலோ பஸ்ஸோ நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தேடுங்கள். நாங்கள் வாங்கிய நிலத்தைவிட அழகான ஒன்று இருந்தது, ஆற்றோரம், மரங்களோடு. பஸ் நிற்கும் இடம் எட்டு கிலோமீட்டர் தள்ளி. விட்டுவிட்டோம். அவர் இன்றும் அந்த ஆற்றைப் பற்றிப் பேசுவார்.

கேள்வி: மேஸ்திரி இதெல்லாம் வீண் வேலை என்கிறார். எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவரோடு வாதாடாதீர்கள், அவர் கை இதில் பழகவில்லை என்பதுதான் விஷயம். எங்கள் முதல் மேஸ்திரி இன்சுலேஷன் பலகைகளுக்கு நடுவே ரெண்டு விரல் இடைவெளி விட்டு வைத்துவிட்டு மேலே பூசிவிட்டார். வெளியே பார்த்தால் சுவர் அருமை. முதல் குளிரில் அந்தக் கோடுகளில் ஈரம் பூத்தது. உடைத்துத் திரும்ப வைத்தோம். அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: எதை மூடுவதற்கு முன்னாலும் எங்களில் ஒருவர் அங்கே நிற்க வேண்டும், ஒவ்வொரு சுவரையும் ஸ்கேலை வைத்துப் படம் எடுக்க வேண்டும். ஆறு வருடம் கழித்து ஆணி அடிக்கும்போதுகூட, குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படங்களைத்தான் பார்க்கிறோம்.