தேனை அப்புறம் பார்க்கலாம், முதலில் புழுவைப் பாருங்கள்
தேனீ வளர்ப்பு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நான்கு பெட்டிகளில் இத்தாலியத் தேனீ வளர்க்கிறேன். ஒரு பெட்டி வாசலில் சிறகு சுருங்கிய தேனீக்கள் பறக்க முடியாமல் தரையில் ஊர்கின்றன. பக்கத்து வயலில் அடித்த பூச்சிமருந்துதான் காரணமா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூச்சிமருந்து பட்டால் ஓரிரு நாளில் வாசல் முன்னால் குவியலாகச் செத்துக் கிடக்கும், பல தேனீக்களுக்கு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தேனீக்கள் பிறக்கும்போதே சிறகு சுருங்கி வருகின்றன. அது ஒரு வைரஸ் நோய், அதைப் பரப்புவது வரோவா என்ற உண்ணி. செம்பழுப்பு நிறம், குண்டூசித் தலை அளவு, கண்ணாலேயே பார்க்கலாம், ஆனால் பெரும்பாலானவை மூடிய புழு அறைகளுக்குள் ஒளிந்திருப்பதால் வெளியில் கண்ணில் படுவது கொஞ்சம்தான்.

இந்த உண்ணி ஆசியாவின் அடுக்குத் தேனீயில் காலங்காலமாக இருந்தது. அந்தத் தேனீ உண்ணியைத் தேடிப் பிடுங்கி எறிந்துவிடும், உண்ணியும் அங்கே பெரும்பாலும் ஆண் தேனீப் புழு அறைகளில்தான் பெருகும், அதனால் கூட்டம் தப்பித்தது. போன நூற்றாண்டில் அது இத்தாலியத் தேனீ இனத்துக்குத் தாவியது, இந்த இனத்துக்கு அந்தத் தற்காப்பு மிகக் குறைவு. உண்ணி ரத்தம் குடிக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். அது முக்கியமாகத் தின்பது தேனீயின் கொழுப்புத் திசுவை என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் எதிர்ப்புக்கும், நஞ்சை முறிக்கவும், உணவைச் சேமிக்கவும் தேனீ நம்பியிருப்பது அந்தத் திசுவைத்தான், அதையே தின்றுவிட்டால் தேனீயிடம் என்ன மிச்சம் இருக்கும்?

மருந்து வாங்கும் முன் உண்ணிகளை எண்ணிப் பாருங்கள். புழு உள்ள சட்டத்தில், அதாவது அடை கட்டிய மரச்சட்டகத்தில், ராணி இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, அரை கப் தேனீக்களை, அதாவது சுமார் 300, வலைமூடி போட்ட பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு மெதுவாக உருட்டி, ஒரு நிமிடம் வைத்திருந்து, வெள்ளைத் தட்டில் நன்றாகக் குலுக்குங்கள். உண்ணிகள் சர்க்கரையோடு விழும், தேனீக்களைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். 9 உண்ணி விழுந்தால் நூற்றுக்கு 3, உடனே சிகிச்சை வேண்டும். மற்ற மூன்று பெட்டிகளிலும் எண்ணுங்கள், ஏனென்றால் உண்ணி ஒரே பெட்டியோடு நிற்காது.

உண்ணிக்குப் போடும் ஆக்சாலிக் அமிலம் அறை மூடியைத் தாண்டி உள்ளே போகாது, மூடிய புழு இல்லாத சமயத்தில்தான் அதற்கு முழுப் பலன். ஃபார்மிக் அமில ஆவி மூடியைத் தாண்டும், ஆனால் வெயில் அதிகமானால் ராணியே சாகலாம். தேனீக்கென்று அனுமதி பெற்ற தயாரிப்பை மட்டும் வாங்கி, உறையில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: அடையில் வலை பின்னி, புழுக்கள் சுரங்கம் போடுகின்றன. என்ன மருந்து?

பதில்: மெழுகுப்பூச்சி. மருந்து வேண்டாம். பலமான கூட்டம் அதைத் தானே விரட்டிவிடும், எனவே கூட்டம் ஏன் இளைத்தது என்று தேடுங்கள்: ராணி போய்விட்டதா, தீவனம் இல்லையா, மேலே சொன்ன உண்ணியா? தேனீக்கள் மொய்க்காத காலி அடைகளை எடுத்துவிடுங்கள். பத்திரப்படுத்தும் அடைகளை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

கேள்வி: ஒரு பெட்டியில் புழுக்கள் செத்து நாறுகின்றன. நல்ல சட்டங்களை மட்டும் அடுத்த பெட்டிக்கு மாற்றலாமா?

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள்! குழிவிழுந்து ஓட்டை விழுந்த மூடியுள்ள ஓர் அறையில் தீக்குச்சியை விட்டுக் கலக்கி மெதுவாக இழுங்கள். பழுப்பு நிறத்தில் நூலாக நீண்டு வந்தால் அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரியா நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாடிக் அதன் வித்துகளைக் கொல்லாது, அவை காய்ந்த அடையிலும் பலகையிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பல நாடுகளில் அரசுக்குத் தெரிவிப்பதும், கூட்டத்தை அழித்துச் சட்டங்களை எரிப்பதும் சட்டப்படி கட்டாயம். நூல் வராமல், மூடும் முன்பே இளம் புழுக்கள் முறுக்கிக்கொண்டு செத்திருந்தால் அது ஐரோப்பியன் ஃபவுல்புரூட் என்ற இன்னொரு பாக்டீரியா நோயாக இருக்கலாம், அதிலிருந்து கூட்டம் மீளக்கூடும். எதுவென்று ஆய்வகம் சொல்லும்வரை அந்தப் பெட்டியின் சட்டம், தேன், கையுறை, உளி எதையும் இன்னொரு பெட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.