உருண்டை கரையாத மட்டன் சூப்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "காய்ச்சலிலிருந்து தேறி வரும் என் மாமியாருக்குக் கறியை மெல்ல முடியவில்லை. கொத்துக்கறியை உருண்டை பிடித்து லேசான சூப் வைத்துத் தரலாம் என்று பார்த்தால், உருண்டை கரைந்து கலங்கிப்போகிறது, மேலே எண்ணெய் மிதக்கிறது. கறி மெத்தென்று இருக்கப் பப்பாளிக்காயும் அரைத்துச் சேர்க்கிறேன். கோலா உருண்டை போலப் பொரித்துப் போட்டுவிடலாமா?"

பொரிக்க வேண்டாம் அம்மா. லேசான சூப் என்று ஆரம்பித்துவிட்டு எண்ணெயில் பொரித்ததைப் போட்டால் யாருக்காகச் செய்கிறோமோ அவருக்கே ஒத்துக்கொள்ளாது. முதலில் அந்தப் பப்பாளிக்காயை நிறுத்துங்கள். அதிலுள்ள நொதி கறியின் புரதத்தை உடைக்கிறது. முழுத் துண்டுக் கறிக்கு அது உதவும். ஏற்கெனவே கொத்திய கறியில் போட்டால், உருண்டையைப் பிடித்து வைத்திருக்கும் பிடிமானமே போய்விடும்.

அடுத்தது கறி. கடையில் காலையிலேயே கொத்திக் குவித்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொழுப்பு, சவ்வு, விலைபோகாத ஓரத் துண்டுகள் எல்லாம் கொத்தியபின் ஒரே நிறம்தான். உங்கள் சூப்பின் மேல் மிதக்கும் எண்ணெயில் பெரும்பங்கு அந்தக் கொழுப்பாகத்தான் இருக்கும். முழு ஆடு தொங்கினால் ஆட்டுத்தொட்டியில் கால்நடை மருத்துவர் பார்த்துக் குத்திய முத்திரை இருக்கிறதா என்றாவது தேடலாம். கொத்துக்கறியில் எதைத் தேடுவது? ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் உள்ள கொழுப்பின் அளவைக்கூட அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கிலோ கணக்கில் விற்கும் கொத்துக்கறியில் எத்தனை பங்கு கொழுப்பு என்று எந்தக் கடையிலும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006லேயே வந்துவிட்டது. உரிமத்தின் 14 இலக்க எண்ணைச் சுவரில் மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கொத்தும் இயந்திரத்தை ஒரு நாளில் எத்தனை முறை கழுவுகிறார்கள் என்று போய்ப் பார்க்க ஆள் வருவதில்லை.

வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, நடுவில் நின்று வாங்கி விற்பவர்களிடமும் கொத்துக்கறி மட்டும் வேண்டாம். எந்த ஆடு, எப்போது கொத்தியது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கொத்தும்போது மேல்பரப்பில் இருக்கும் கிருமி உள்ளே முழுக்கக் கலந்துவிடும். அதனால் முழுத் துண்டைவிட இது சீக்கிரம் கெடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்குத் தெரிந்த கடை, நீங்களே எதிரில் நிற்கிறீர்கள், எலும்பில்லாத தொடைக்கறியைக் காட்டி நிறுக்கச் சொல்கிறீர்கள், கொழுப்பையும் சவ்வையும் கண்ணெதிரே சீவி எடுக்கச் சொல்கிறீர்கள், கத்தியால் கட்டையில் கொத்தித் தருகிறார். அப்படியென்றால் வாங்கலாம். அப்போதும் முதலில் நிறுத்து, பிறகு சீவி, பிறகு கொத்தவேண்டும். கொத்திவிட்டு நிறுத்தால், பழைய குவியலிலிருந்து ஒரு கை சேர்த்துப் போட்டு எடையைச் சரிசெய்வது எளிது. இயந்திரத்தில்தான் அரைப்பேன் என்றால் முன்பு அரைத்ததன் மிச்சம் அதில் இல்லை என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் கால் கிலோ தொடைக்கறியை வாங்கிவந்து சின்னதாக நறுக்கி, ஃப்ரீசரில் இருபது நிமிடம் வைத்து, மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு ஓடவிடுங்கள். கறி சில்லென்று இருக்கவேண்டும். சூடேறினால் கொழுப்பு இளகி உருண்டை பிடிபடாது.

அரைத்த கறியில் முக்கால் தேக்கரண்டி உப்பு மட்டும் போட்டு, கையில் ஒட்டிக்கொள்ளும் பதம் வரும்வரை பிசையுங்கள். உப்புதான் புரதத்தைக் கரைத்து ஒட்டவைக்கிறது. முட்டை தேவையே இல்லை. அப்புறம் பொட்டுக்கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி, நுணுக்கிய மிளகு சீரகம், கொஞ்சம் இஞ்சி பூண்டு. சின்ன வெங்காயம் போட்டால் பொடியாக நறுக்கிப் பிழிந்து போடுங்கள், அதன் தண்ணீர்தான் உருண்டையைத் தளர்த்தும். சின்ன நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் தக்காளி ஒன்று, கேரட், தட்டிய மிளகு, மஞ்சள், கொத்தமல்லித் தண்டு போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பைக் குறைத்த பிறகே உருண்டைகளை ஒவ்வொன்றாக விடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் உருண்டையும் உடையும், கொழுப்பும் தண்ணீரோடு கலந்து சூப் கலங்கும். ஓரத்தில் குமிழி வந்தால் போதும். பத்து நிமிடம் கரண்டி போடாதீர்கள். மேலே வரும் நுரையை மட்டும் எடுங்கள். பதினைந்து நிமிடத்தில் ஒன்றைப் பிளந்து பாருங்கள், உள்ளே சிவப்பு இருக்கக்கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்டவேண்டும்.

சுவைக்காகக் கடையில் விற்கும் சூப் கட்டியைப் போடாதீர்கள். அதில் பெரும்பகுதி உப்பு. மாமியாருக்கு ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் மோசம். உருண்டையிலேயே உப்பு இருக்கிறது, எனவே சூப்பைச் சுவைத்துப் பார்த்துக் கடைசியில் தேவைக்குப் போட்டால் போதும். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.