கணக்குக் கேட்டதில் வந்த மனத்தாங்கல்

சபையின் கட்டட நிதிக் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் கேட்டதிலிருந்து பொருளாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறீர்கள். சகோதரி, கேள்வி நியாயம்தான். கேட்ட இடம்தான் தப்பு. மத்தேயு 18:15-17 முதலில் தனியாகப் பேசச் சொல்கிறது, பிறகு ஒன்றிரண்டு பேரோடு; சபைக்குச் சொல்வது அதற்கும் அப்புறம்தான். நீங்கள் எடுத்தவுடன் மூன்றாவதுக்குப் போய்விட்டீர்கள்!

நானும் இப்படி மாட்டியவன்தான், பாடகர் குழு மைக் விஷயத்தில். ஆராதனை முடிந்ததும் பீஹூன் தட்டோடு, நான் கேள்வி கேட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, எல்லார் முன்னாலும் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். ஒன்றும் சொல்லாமல் சம்பலை என் பக்கம் நகர்த்தினார்.

அதற்காகக் கணக்கை விட்டுவிடாதீர்கள். சபை சிங்கப்பூரில் பதிவுபெற்ற அறநிறுவனம் என்றால், நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் அறநிறுவன ஆணையரிடம் கணக்கு போயாக வேண்டும். அதை ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள். போதகரை இப்போதே இழுக்க வேண்டாம்.