மெயிலுக்கு அடியில் நம் பெயர்: சிக்னேச்சர் கேள்வி பதில்

ஜிமெயிலில் சிக்னேச்சர் எழுதி வைத்தேன். மெயிலில் வரவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு அண்ணா?

பல்சக்கரம், 'சீ ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல்' என்று போய், சிக்னேச்சர் பகுதியில் 'கிரியேட் நியூ' கொடுத்து எழுதியிருப்பீர்கள். எழுதிய கையோடு பக்கத்தை மூடியும் இருப்பீர்கள்! 'சேவ் சேஞ்சஸ்' பொத்தான் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. அதை அழுத்தாவிட்டால் எழுதியதெல்லாம் போச்சு. அழுத்தியும் வரவில்லையா? எழுதிய பெட்டிக்குக் கீழே 'சிக்னேச்சர் டிஃபால்ட்ஸ்' பாருங்கள். புது மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கும் ஃபார்வர்டுக்கும் ஒன்று. அங்கே 'நோ சிக்னேச்சர்' என்று இருந்தால், நீங்கள் எழுதியது பெட்டிக்குள்ளேயே தூங்கும்.

பதில் அனுப்பும்போது என் பெயர் பழைய மெயில்களுக்கெல்லாம் கீழே, பாதாளத்தில் போய் உட்காருகிறது. மேலே இரண்டு சிறு கோடு வேறு.

அதே இடத்தில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. டிக் செய்தால் சிக்னேச்சர் பழைய மெயிலுக்கு மேலே வந்துவிடும், கோடும் மறையும். அந்தக் கோடு சும்மா வந்ததல்ல. இரண்டு கோடு, பிறகு ஓர் இடைவெளி என்று தனி வரியில் வந்தால் 'இதற்குக் கீழே இருப்பது சிக்னேச்சர்' என்று மெயில் நிரல்கள் புரிந்துகொள்ளும் பழைய வழக்கம். பதில் எழுதும்போது அந்தப் பகுதியைத் தானாகவே வெட்டிவிடும் நிரல்களும் உண்டு. 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிக வழிகாட்டி, சிக்னேச்சர் 4 வரிக்கு மேல் வேண்டாம் என்றது. நான் இன்றும் அந்தக் கட்சிதான். பெயர், பொறுப்பு, ஃபோன் எண். நாலாவது வரி மிச்சம்.

லோகோ எனக்குத் தெரிகிறது, வாங்குபவருக்கு வெறும் கட்டம்தான் தெரிகிறதாம்.

படம் கூகுள் டிரைவில் இருந்து, எல்லோரும் பார்க்கும்படி பகிரப்படாமல் இருந்தால் இப்படித்தான். பகிர்ந்தாலும், அனுமதி கேட்காமல் படத்தைக் காட்டாத மெயில் நிரல்கள் உண்டு. ஆகவே லோகோ இருக்கட்டும், ஃபோன் எண்ணை அதற்குள் வைக்காதீர்கள். படத்தில் இருக்கும் எண்ணை எப்படிக் காப்பி செய்வது?

எங்கள் அலுவலகத்தில் பிரௌசரில் மெயில் பார்க்க ரவுண்ட்கியூப் என்ற நிரல். சிக்னேச்சர் என்று தனிப் பகுதியே காணோம் சார்.

செட்டிங்ஸில் 'ஐடென்டிட்டீஸ்' போய் உங்கள் முகவரியைத் தொடுங்கள், அங்கே இருக்கும். தடித்த எழுத்தோ இணைப்போ வேண்டுமென்றால் 'எச்டிஎம்எல் சிக்னேச்சர்' டிக் செய்யுங்கள்.

ஃபோனில் இருந்து அனுப்பினால்?

ஜிமெயில் செயலியில் 'மொபைல் சிக்னேச்சர்' தனி. வெறும் எழுத்துதான், படம் ஏறாது.

தமிழில் என் பெயரைப் போட்டேன். அந்தப் பக்கம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போயிருக்கிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். உண்மையில் அவை ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் உருவம் போர்த்திக்கொண்டவை. வாங்குபவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு வைத்திருக்கும் யூனிகோடில் திரும்ப அடியுங்கள்.

அடியில் ஒரு பொன்மொழி போடலாமா?

போடலாம், நான் போட மாட்டேன். இரங்கல் மெயில் ஒன்று வந்தது. நாலு வரி உருக்கமாக. அதன் அடியில் பச்சை எழுத்தில், 'ஒவ்வொரு நாளும் கொண்டாட்டமே!' அனுப்பியவருக்கு அது நினைவிலேயே இருந்திருக்காது. ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் அடியில் பேனாப் படம் இருக்கிறது. அதைத் தொட்டு, அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் 'நோ சிக்னேச்சர்' கொடுத்துவிடலாம்.