ஃபைனல் ப்ராஜெக்ட்ட ஏன் இழுத்தடிக்கிறோம்? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அக்கா, அசைன்மென்ட் எல்லாம் டைமுக்கு குடுத்துடுவேன், ப்ராஜெக்ட் மட்டும் மாசக்கணக்கா தொடவே இல்ல. நான் சோம்பேறியா?

பதில்: சோம்பேறின்னா அசைன்மென்ட்டும் முடிஞ்சிருக்காதே. அதுல கேள்விய அவங்களே குடுத்துடுறாங்க, ப்ராஜெக்ட்ல கேள்வியையே நீதான் தேடணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ஃபைல திறந்தாலே வயித்த கலக்குது, மூடுனதும் நிம்மதி, மனசு அந்த நிம்மதிக்கு பழகிடுது. பியர்ஸ் ஸ்டீல்னு ஒரு ஆய்வாளர் 2007ல நெறைய ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தாரு, வேலை பிடிக்காம போறது, நம்மால முடியுமாங்கிற சந்தேகம், கெடு ரொம்ப தூரத்துல இருக்கிறது, இதெல்லாம் இருந்தா தள்ளிப்போடுறதும் ஜாஸ்தி. ப்ராஜெக்ட்ல மூணுமே இருக்கு பாரு.

கேள்வி: நான் பெர்ஃபெக்ஷனிஸ்ட், அதான் லேட்டாகுது.

பதில்: கோச்சுக்காத தம்பி, ஸ்டீலோட அதே ஆய்வுல பெர்ஃபெக்ஷனிசத்துக்கும் தள்ளிப்போடுறதுக்கும் பெருசா சம்பந்தமே தெரியல. கைடு என்ன சொல்வாரோன்னு பயமா இருந்தா அது வேற விஷயம்.

கேள்வி: ப்ரஷர் வந்தாதான் எனக்கு வேலையே ஓடும்!

பதில்: ஓடும், யாரு இல்லன்னா? 1997ல டைஸ், பாமைஸ்டர்னு ரெண்டு ஆய்வாளர்கள் காலேஜ் பசங்கள வச்சு பாத்தப்போ, தள்ளிப்போடுறவங்க செமஸ்டர் ஆரம்பத்துல ஜாலியா இருந்தாங்க, கடைசியில ஸ்ட்ரெஸ்ஸும் உடம்பு முடியாம போறதும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி, மார்க்கும் கம்மி.

கேள்வி: ரெண்டு வாரம் போதும்ல?

பதில்: போதாது. 1994ல ப்யூலர் டீம், தீசிஸ் எழுதிட்டு இருந்த சைக்காலஜி ஸ்டூடன்ட்ஸ்கிட்ட எத்தன நாளாகும்னு கேட்டாங்க, சராசரியா 34 நாள்னு சொன்னாங்க, ஆனது 55க்கு மேல. எல்லாமே சொதப்புனா எவ்ளோ ஆகும்னும் கேட்டிருந்தாங்க, அந்த கணக்கையும் தாண்டிடுச்சு! டேட்டாவுக்கு காத்திருக்கிறது, கைடு திருத்தம், ஃபார்மேட்டிங் இதெல்லாம் நம்ம கணக்குல வர்றதே இல்ல (ஃபார்மேட்டிங் மட்டுமே ஒரு வாரத்த முழுங்கிடும்).

கேள்வி: ஏற்கனவே ரொம்ப லேட் அக்கா, கைடு கண்ணுல படாம ஒளிஞ்சுட்டு இருக்கேன்.

பதில்: ஒளிய ஒளிய காட்ட வேண்டியது பெருசாகிட்டே போகும், இத்தன நாள் கழிச்சு வெறும் ரெண்டு பக்கத்தோட எப்படி போறதுன்னு இன்னும் ஒளிவ. இன்னைக்கே மெயில் போடு: "லேட்டாயிடுச்சு சார், இவ்ளோதான் இருக்கு, வியாழக்கிழமை காட்டட்டுமா?" அவ்ளோதான், கதை வேணாம். உன்னையே திட்டிக்கிறதையும் நிறுத்து, 2010ல வோல், பிச்சில், பென்னட் செஞ்ச ஆய்வுல, முதல் பரீட்சைக்கு படிக்காம இழுத்தவங்கள்ல தன்னைத்தானே மன்னிச்சவங்க அடுத்ததுக்கு கம்மியாதான் இழுத்தாங்க.

கேள்வி: டைமர் வச்சு எழுதலாமா?

பதில்: வை, ஆனா 'தீசிஸ் எழுதணும்'னு உக்காராத. 'மூணாவது கிராஃபுக்கு கீழ நாலு வரி'ன்னு உக்காரு.