பிரிஸ்டலில் கரீபியன் சாப்பாடு: எதைக் கேட்டு வாங்குவது?

தம்பி, சனிக்கிழமை மனைவியோடு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சுற்றிப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊர்ச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது, கரீபியன் கடையில் காரசாரமாகக் கிடைக்குமாமே, மாட்டிறைச்சி தொடாத நானும் சைவமான அவளும் நம்பிப் போகலாமா என்பது உங்கள் கேள்வி. தாராளமாகப் போகலாம். குழம்பு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும்.

அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் சோற்றை அள்ளிப் போட்டதும் 'கிரேவி?' என்று கேட்பார்கள். சில கடைகளில் கேட்காமலே ஊற்றிவிடுவார்கள். அந்தக் கரண்டி பெரும்பாலும் ஆக்ஸ்டெயில் சட்டியிலிருந்து வரும். ஆக்ஸ்டெயில் என்றால் மாட்டு வால். ஆகவே ஆர்டர் சொல்லும்போதே 'நோ கிரேவி' என்றோ, 'கறி கோட் (ஆட்டுக்கறி) கிரேவி மட்டும்' என்றோ சொல்லுங்கள். மஞ்சள் மேலோட்டுக்குள் இறைச்சியோ காய்கறியோ அடைத்துச் சுட்ட 'பேட்டி' (patty) எல்லாக் கடையிலும் இருக்கும். எந்தப் பேட்டி என்று சொல்லாமல் கேட்டால் மாட்டிறைச்சி வைத்தது கைக்கு வரலாம்; கோழியா, காய்கறியா என்று பெயர் சொல்லியே வாங்குங்கள். ரெட் பீ சூப், பேரைப் பார்த்தால் வெறும் பயறு போலத் தெரியும். உள்ளே உப்பிட்ட மாட்டிறைச்சியோ பன்றி வாலோ கிடக்கும்.

உங்கள் மனைவிக்கு: பலகையில் 'ஐட்டல்' என்று எழுதியிருந்தால் அதுதான் நல்ல வழி. ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தவரின் உணவு முறை அது. பூசணி, பயறு, தேங்காய்ப்பால் போட்ட கூட்டு, இறைச்சி கிடையாது. உப்பும் குறைவாக இருக்கும் அல்லது இருக்காது. ஜமைக்காக்காரர்களின் காலலூ நம் தண்டுக்கீரை வகைதான், ஆனால் அதில் உப்புக் கருவாட்டைச் சேர்ப்பது வழக்கம், கேட்காமல் வாங்க வேண்டாம். பழுத்த பிளான்டைன் (சமையலுக்கான பெரிய வாழை) வறுவல் நன்றாக இருக்கும். சோளமாவில் பொரித்தெடுக்கும் 'ஃபெஸ்டிவல்' என்ற பலகாரமும் அப்படியே. இரண்டையும் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கிறார்களா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதல் தடவை கறி கோட் எடுங்கள். எலும்போடு வெட்டிய இறைச்சி, மஞ்சள் தூக்கலான மசாலா, தைம் என்ற மூலிகை இலை, ஆல்ஸ்பைஸ் என்ற மிளகு போன்ற மணி. மிளகாய்த்தூள் இல்லை, காரம் ஸ்காட்ச் பானட் மிளகாயிலிருந்து வருகிறது. அதனால் நாக்கில் பட்டதும் தெரியாது, இரண்டு வாய்க்குப் பிறகுதான் ஏறும். எலும்புச் சில்லுகள் கூர்மையாக இருக்கும், மெதுவாகச் சாப்பிடுங்கள். ஜெர்க் சிக்கன், அதாவது கார மசாலா தடவிய கோழி, கரியடுப்பில் சுட்டதாக இருந்தால் தோலின் ஓரம் கருகி, புகை மணம் வரும். ஓவனில் வேகவைத்து மேலே சாஸ் தடவியதற்கு அந்த ருசி கிடையாது. சாஸைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

டிரினிடாட், கயானாக்காரர் நடத்தும் கடை கண்ணில் பட்டால் தால்பூரி ரொட்டியை விடாதீர்கள். கயானாவுக்கு 1838இலும் டிரினிடாடுக்கு 1845இலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்கள் கொண்டுபோன சமையல் அது. கல்கத்தாவில் ஏறியவர்களே அதிகம். சென்னையில் ஏறிய தமிழரும் தெலுங்கரும் உண்டு. வேகவைத்து அரைத்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்தது என்பதால் தால்பூரி சைவம். அதற்குள் சன்னாவும் உருளைக்கிழங்கும் வைத்துத் தரச் சொன்னால் இருவருக்குமே ஆகும்.

எங்கே? நகர மையத்தில் செயின்ட் நிக்கோலஸ் மார்க்கெட், 1743இல் திறந்த கட்டடம். அதன் கண்ணாடிக் கூரைப் பகுதியில் மதியச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும். என் விருப்பம் அதுவல்ல; செயின்ட் பால்ஸ் பக்கமோ ஈஸ்டனில் ஸ்டேபிள்டன் ரோட்டுக்கோ போங்கள். கரீபியன் குடும்பங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து குடியேறிய பகுதிகள் அவை. 1963இல் இந்த நகரத்துப் பேருந்து நிறுவனம் கறுப்பர்களை ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்க மறுத்தபோது அவர்கள் பேருந்தைப் புறக்கணித்து நிறுவனத்தைப் பணிய வைத்தார்கள். அதன் பலனாக வெள்ளையரல்லாத முதல் நடத்துநராக வேலைக்குச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். நம்மைப் போல இங்கே வேலைக்கு வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. 1968இல் தொடங்கிய செயின்ட் பால்ஸ் கார்னிவல் என்ற தெருவிழா வழக்கமாக ஜூலையில் நடக்கும்; சில ஆண்டுகளில் நடப்பதில்லை, விசாரித்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுக்கு முன் கிரேட் ஜார்ஜ் தெருவில் ஜார்ஜியன் ஹவுஸைப் பாருங்கள், திறந்திருக்கும் நாள்தானா என்று முதலில் உறுதி செய்துகொண்டு. நெவிஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஜான் பின்னியின் வீடு. அவர் அடிமையாக அங்கிருந்து கொண்டுவந்த பேரோவின் பெயரைத்தான் துறைமுகத்தில் 1999இல் திறந்த பாலத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

ருசி பிடித்துப்போனால் 'ரைஸ் அண்ட் பீஸ்' என்ற அவர்களுடைய பயறுச் சோற்றை வீட்டிலேயே செய்யலாம். 'பீஸ்' என்று அவர்கள் போடுவது ராஜ்மா. ஒரு கப் ராஜ்மாவை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று வேகவையுங்கள். இந்தக் கொதியைத் தவிர்த்துவிட்டு ஸ்லோ குக்கரில் போட்டால் பயற்றின் நச்சு போகாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். வெந்த சிவப்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சோற்றின் நிறமே அதுதான். அதோடு 400 மி.லி. தேங்காய்ப்பால், நான்கு கிளை தைம், நசுக்கிய இரண்டு வெங்காயத்தாள், இரண்டு பல் பூண்டு, ஆறு ஆல்ஸ்பைஸ் மணி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் கொதித்ததும், கழுவிய இரண்டு கப் நீள அரிசி. திரவம் மொத்தம் மூன்றரைக் கப் இருக்கட்டும். ஒரு ஸ்காட்ச் பானட்டைக் காம்போடு, கீறாமல் மேலே வைத்து, மூடி, மிகச் சின்னத் தீயில் இருபது நிமிடம். நடுவில் கிளறக் கூடாது: சோறு குழையும், மிளகாய் உடைந்தால் சட்டி முழுவதும் வாயில் வைக்க முடியாத காரமாகிவிடும். வெந்ததும் முதல் வேலையாக மிளகாயை எடுத்துவிட்டுத்தான் கரண்டியைப் போட வேண்டும்.

மிளகாய் ஸ்டேபிள்டன் ரோடு மளிகைக் கடைகளில் கிடைக்கும். மீந்ததை முழுசாக ஃப்ரீசரில் வைத்து, அடுத்த முறை அப்படியே சட்டியில் போடலாம்.